கரித்தரையில் துள்ளிய கரித்துண்டு: குள்ள வெட்டுக்கிளிகளின் நிறக் கணக்கு

சுவீடனில் ஒரு பைன் காடு. போன கோடையில் தீப்பிடித்து எரிந்துபோனது. பனிக்காலம் முடிந்து வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு மே மாதக் காலையில் அதன் நடுவே போய்க் குந்தி உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை முழுக்கக் கரி. புல் இப்போதுதான் அங்கங்கே ஊசி முனையாகத் தலைகாட்டுகிறது. கால் பட்ட இடத்தில் ஒரு கரித்துண்டு துள்ளி, இரண்டு சாண் தள்ளி விழுகிறது. உற்றுப் பார்த்தால் அது பூச்சி. சுண்டுவிரல் நகத்தளவே உள்ள, உடம்பெல்லாம் கறுத்த வெட்டுக்கிளி. பக்கத்திலேயே இன்னொன்று, அது பழுப்பு. மூன்றாவது மறுபடியும் கறுப்பு.

இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள். சுவீடனின் கால்மர் நகரில் உள்ள லின்னேயஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ் ஃபோர்ஸ்மனும் அவருடைய குழுவினரும் தங்கள் கணக்கை 2011இல் வெளியிட்டார்கள். தீ எரிந்து ஒரு வருடம் ஆன இடங்களில் ஏறக்குறைய 50 சதவீதம் கறுப்பு. நான்கு வருடம் ஆனபோது அது 30 சதவீதமாக இறங்கியிருந்தது. தீயே படாத இடங்களில் கறுப்பு குறைவு.

இதைக் கேட்டதும், தீ எரிந்ததும் பூச்சி கறுத்தது, புல் முளைத்ததும் வெளுத்தது என்றுதான் முதலில் தோன்றும். பச்சோந்தியைப் பார்த்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் காட்டில் நடந்தது வேறு. எந்த ஒரு பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளாமலேயே கூட்டத்தின் நிறம் மாறிவிட்டது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் போதும். பருவத்துக்குப் பருவம் இவற்றின் நிறம் ஏன் வேறுபடுகிறது, ஓர் ஓடைக்கரையில் ஒரு நிறமும் அடுத்த ஓடைக்கரையில் இன்னொரு நிறமும் ஏன் தூக்கலாக இருக்கின்றன என்பதெல்லாம் ஒரே கணக்காகத் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

வயலில் நாம் பார்க்கும் வெட்டுக்கிளிக்கு இது தூரத்துச் சொந்தம். குடும்பத்தின் பெயர் டெட்ரிகிடே. குள்ள வெட்டுக்கிளி என்று சொல்லலாம். பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இதுவரை ஏறக்குறைய 2,000 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் உண்டு. இனங்கள் அதிகம் குவிந்திருப்பது வெப்பமண்டலத்தில்.

அடையாளம் காண முதுகைப் பார்த்தால் போதும். சாதாரண வெட்டுக்கிளிக்குக் கழுத்துக்குப் பின்னால் சேணம் வைத்தது போல ஒரு தகடு இருக்கும். அது அங்கேயே முடிந்துவிடும். குள்ள வெட்டுக்கிளிக்கு அந்தத் தகடு பின்னோக்கி நீண்டு வயிறு முழுவதையும் மூடியிருக்கும். சிலவற்றில் உடலையும் தாண்டிக் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் இழுத்து நீட்டிய சாய்சதுரம். ஜப்பானில் இதை ஹிஷிபத்தா என்கிறார்கள், சாய்சதுர வெட்டுக்கிளி என்று பொருள். முன்சிறகுகள் சுருங்கிச் செதிலளவாகிவிட்டன. பின்சிறகுகள் கவசத்துக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். மற்ற வெட்டுக்கிளிகளைப் போலத் தொடையை உரசிப் பாடுவதில்லை. செவிப்பறையும் இல்லை.

சாப்பாடு என்று பார்த்தால் பாசி, மக்கிய இலைத்தூள், கல்லிலும் கட்டையிலும் படரும் லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அதன் உறவுக்காரர்களை இவை கொறிக்கின்றன. பாசி எங்கே இருக்குமோ அங்கேதான் இவையும் இருக்கும் என்பதால் ஓடைக்கரை, குட்டை ஓரம், செடி அடர்ந்து மூடாத ஈரத்தரை ஆகியவைதான் இவற்றின் வீடு. உயரமான புல்லில் தேடினால் கிடைக்காது. தரையைத்தான் பார்க்க வேண்டும்.

நம் விஷயத்துக்கு முக்கியம் அந்த முதுகுக் கவசம். மேலிருந்து பார்க்கும் பறவைக்குத் தெரிவது பெரும்பாலும் அது மட்டுமே. அதன்மேல்தான் நிறமும் கோலமும். கறுப்பு, சாம்பல், பழுப்பு, மஞ்சள் ஓடிய பழுப்பு. சிலவற்றில் நடுமுதுகில் வெளிர்கோடு, சிலவற்றில் இரண்டு கரும்புள்ளிகள், சிலவற்றில் ஒன்றுமே இல்லாத ஒரே நிறம். இத்தனையும் ஓர் ஓடைக்கரையில், ஒரே இனத்துக்குள். ஒரு தாயின் பிள்ளைகளிலேயே பல நிறங்கள் வரும். இப்படி ஒரே இனம், ஒரே இடத்தில், பிறவியிலேயே பல தோற்றங்களோடு இருப்பதைப் பல்லுருமை என்கிறோம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழியும் பயறும்

கரிசல் மண் உள்ள ஒரு வாசலில், ஒரு படி கறுப்பு உளுந்தையும் ஒரு படி தட்டைப்பயறையும் கலந்து இறைத்துவிட்டுக் கோழிகளைத் திறந்துவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கோழிகளை விரட்டிவிட்டு மிச்சத்தைக் கூட்டி அள்ளுங்கள். வெளிர்நிறப் பயறு கோழியின் கண்ணில் உடனே பட்டிருக்கும். உளுந்து மண்ணோடு மண்ணாகத் தப்பியிருக்கும். பாதிக்குப் பாதியாக இறைத்தது, அள்ளும்போது உளுந்து முக்கால்வாசியாக நிற்கும். எந்த மணியும் நிறம் மாறவில்லை. கலவைதான் மாறியது.

அள்ளியதை அப்படியே விதைத்தால் அறுவடையிலும் உளுந்து தூக்கலாக வரும். அந்த அறுவடையை வெளுத்த மணல்மேல் இறைத்துக் கோழியை விட்டால், இந்த முறை உளுந்து பளிச்சென்று தெரியும், அதுதான் முதலில் காலியாகும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் கலவை மறுபடியும் வெளுப்புப் பக்கம் சாயும்.

எரிந்த காட்டில் நடப்பது இதுதான். பறவையும் பல்லியும் கோழியின் இடத்தில். கரித்தரை இருக்கும்வரை கறுத்த பூச்சி தப்புகிறது, பிள்ளை பெறுகிறது, பிள்ளைகளுக்கும் கறுப்பு போகிறது. பாசியும் புல்லும் வளர்ந்து தரை பழுப்பும் பச்சையுமாகத் திரும்பும்போது அந்தச் சலுகை தேய்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரு தலைமுறை என்ற வேகத்தில், நான்கே வருடத்தில் ஒரு கூட்டத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்திருக்கிறது. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடம் ஆகும் என்று பள்ளியில் படித்த எனக்கு, இந்த எண்கள் இன்றும் மெய்சிலிர்ப்பைத் தருகின்றன.

சரி, பூச்சிகள் தாமாகக் கறுக்கவில்லை என்பது எப்படித் தெரியும்? இதற்கு ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. வேறு வேறு இடங்களின் பூச்சிகளைப் பிடித்து வந்து, ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே மண்ணில், ஒரே வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வைத்து அவற்றின் பிள்ளைகளை வளர்ப்பது. கருமை கரியினால் வந்தது என்றால், கரியே இல்லாத பெட்டியில் வளரும் பிள்ளைகளுக்குள் வேறுபாடு மறைந்துவிட வேண்டும். சுவீடன் பூச்சிகளில் மறையவில்லை. இடத்துக்கு இடமும் வருடத்துக்கு வருடமும் கண்ட நிற வேறுபாடு மரபணு சார்ந்தது என்றுதான் அந்த 2011 ஆய்வு முடிவுக்கு வந்தது.

இதற்கு முன்பே இந்தப் பூச்சிகள் மரபியலுக்குச் செய்த உதவி ஒன்று உண்டு, இன்று பலருக்கும் மறந்துபோனது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநில வேளாண் கல்லூரியில் ராபர்ட் நேபர்ஸ் என்பவர் 1910களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் குள்ள வெட்டுக்கிளிகளை வளர்த்து, கோலத்துக்குக் கோலம் கலந்து, பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். மெண்டல் பட்டாணியில் பார்த்ததை இவர் பூச்சியின் முதுகில் பார்த்தார். ஒரு கோலமுள்ள தாயையும் இன்னொரு கோலமுள்ள தந்தையையும் சேர்த்தால் பிள்ளையின் முதுகில் இரண்டு கோலமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். கோலம் பரம்பரையாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. பின்னர் 1939இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் நேபர்ஸின் எண்ணிக்கைகளை எடுத்து, காட்டில் வாழும் கூட்டத்தில் இயற்கைத் தேர்வு எவ்வளவு வலுவாக வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டார்.

தானே கறுக்கும் பூச்சிகளும் உண்டு

மறுபக்கச் சான்றையும் சொல்லியாக வேண்டும்.

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வறண்ட காலத்தில் தீ அடிக்கடி பரவும். அங்கே வாழும் சில பெரிய வெட்டுக்கிளிகள், தரை எரிந்த சில நாட்களுக்குள் தாமே கறுத்துவிடுகின்றன. இளம்பூச்சி மட்டுமல்ல, வளர்ந்த பூச்சியும் அப்படி மாறுவதை 1951லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதேபோல் பல வெட்டுக்கிளி இனங்களில் ஈரமான காலத்தில் வளர்பவை பச்சையாகவும் வறண்ட காலத்தில் வளர்பவை பழுப்பாகவும் வருகின்றன. இங்கே உண்மையிலேயே தனிப்பூச்சியின் நிறம்தான் சூழலுக்கேற்ப அமைகிறது. இதற்கு நெகிழ்தன்மை என்று பெயர். பயறு உவமையில் சொன்னால், மணியே மண்ணில் கிடந்து சாயம் ஏறிக்கொள்வது போல.

குள்ள வெட்டுக்கிளியிலும் இது நடக்குமா? ஜெர்மனியில் ஆக்செல் ஹோக்கிர்ஷும் உடனிருந்தவர்களும் டெட்ரிக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இரண்டு இனங்களின் குஞ்சுகளைக் கறுத்த தரையிலும் வெளுத்த தரையிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தரையின் நிறத்துக்கேற்பப் பூச்சியின் நிறமும் சாய்ந்தது. கறுத்த தரையில் வளர்ந்தவை கருமைப் பக்கம் போயின. அடுத்த வருடமே சுவீடன் குழு அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, தங்கள் பூச்சிகளை வெவ்வேறு நிறத் தரைகளில் வளர்த்துப் பார்த்தது. தரையால் கோலம் மாறியதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

ஒரே குடும்பத்துப் பூச்சிகள், இரண்டு கவனமான குழுக்கள், எதிரெதிர் விடைகள். இதைப் பார்த்து யாரோ ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பது என் கருத்து. இனம் வேறு, ஊர் வேறு, எதை நிறம் என்று எழுதிக்கொண்டார்கள் என்பதும் வேறாக இருக்கலாம். ஒட்டுமொத்தக் கருமை கொஞ்சம் தரையைப் பொறுத்தும், முதுகின் கோலம் பெரும்பாலும் பெற்றோரைப் பொறுத்தும் அமைந்தால் இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குள்ள வெட்டுக்கிளியின் நிறம் மாறியிருக்கிறது என்று யாராவது சொன்னால், பூச்சி மாறியதா, கலவை மாறியதா என்று உடனே கேளுங்கள். பதில் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் இந்தக் கேள்வி இல்லாமல் பதிலுக்குப் பொருள் இல்லை.

பருவம் எங்கே நுழைகிறது

வட ஐரோப்பாவின் டெட்ரிக்ஸ் சுபுலாட்டாவை எடுத்துக்கொள்வோம். மற்ற வெட்டுக்கிளிகள் பெரும்பாலும் முட்டையாகப் பனிக்காலத்தைக் கடக்கும். இது வளர்ந்த பூச்சியாகவோ, வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இளம்பூச்சியாகவோ குளிரைத் தாண்டும். ஏப்ரல் வாக்கில் வெளியே வரும். வெயில் காய்ந்து, இணைசேர்ந்து, பெண் ஈரமண்ணில் முட்டைகளைக் கொத்துக் கொத்தாக வைக்கும். கோடை நடுவில் குஞ்சுகள் பொரிந்து, தோலுரித்துத் தோலுரித்து வளரும். கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் புதிய தலைமுறை வளர்ந்து நிற்கும். அப்புறம் மறுபடியும் குளிர்.

இந்தச் சுழற்சியைத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தை எண்ணுகிறவர் ஏமாந்துபோவார். மே மாதம் எண்ணுவது போன வருடம் பிறந்து, குளிரையும் பறவைகளையும் தாண்டி மிஞ்சியவர்களை. ஜூலையில் எண்ணுவது குஞ்சுகளை. செப்டம்பரில் எண்ணுவது புதிதாக வளர்ந்தவர்களை. மூன்றும் ஒரே இடம்தான், ஆனால் ஒரே கூட்டம் இல்லை. செப்டம்பர் கணக்கையும் அடுத்த மே மாதக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் சுவையான விஷயம் ஒன்று வெளிப்படும். இவை இரண்டும் ஒரே தலைமுறையின் முன்பின் படங்கள். நடுவில் பிறப்பு இல்லை. ஆகவே இந்த இரண்டு கணக்குகளுக்கு இடையே நிற விகிதம் மாறியிருந்தால், குளிர்காலத்தில் யார் செத்தார், யார் பிழைத்தார், யார் இடம்பெயர்ந்தார் என்பதோடு அது தொடர்புடையது. மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையே மாறியிருந்தால், யார் அதிகம் பிள்ளை பெற்றார் என்பதும் அதில் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு பக்கம், பருவத்தோடு தரையும் நிறம் மாறுகிறது. பனி உருகியதும் போன வருடத்துச் சருகும் சேறும் வெளிப்பட்டு எல்லாம் மங்கிய பழுப்பாக இருக்கும். கோடையில் பசுமை ஏறும். ஓடை வற்றினால் மணலும் காய்ந்த சேறும் வெளுத்துத் தெரியும். மே மாதம் ஒளிந்திருந்த நிறம் ஆகஸ்டில் காட்டிக்கொடுக்கும். ஒரே நிறம் வருடம் முழுக்க வெல்ல முடியாது என்பதுதான் எல்லா நிறங்களும் அழியாமல் நீடிப்பதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்தது வெப்பம். இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நிறம் என்றாலே ஒளிந்துகொள்வதற்கு என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். பூச்சிக்கு உடம்புக்குள் அடுப்பு இல்லை. வெயிலில் நின்றுதான் சூடேற வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தவருக்குத் தெரியும், கருமை வெப்பத்தை வேகமாக வாங்கும். குள்ள வெட்டுக்கிளியிலும் கறுத்தவை வெளிர்ந்தவற்றைவிடச் சீக்கிரம் சூடாகின்றன, அதிக வெப்பத்தையும் எட்டுகின்றன என்று ஃபோர்ஸ்மன் 1990களிலேயே காட்டியிருக்கிறார். சூடான பூச்சி நன்றாகத் துள்ளும். அதன் வயிற்றில் செரிமானமும் முட்டை வளர்ச்சியும் விரைவாக நடக்கும். சுவீடனின் குளிர்ந்த வசந்தத்தில், மேகம் விலகி அரை மணி நேரம் மட்டும் வெயில் அடிக்கும் நாளில், இது பெரிய லாபம். நடுக்கோடையின் உச்சி வெயிலில் அதுவே ஆபத்து. கறுத்த பூச்சி அப்போது நிழலுக்கு ஒதுங்கியாக வேண்டும்.

பூச்சிகள் இதைத் தம் நடத்தையால் சமாளிக்கின்றன. எந்த நிறத்துக்கு எவ்வளவு சூடு பிடிக்கும் என்பதே வேறுபடுகிறது. பல நிறப் பூச்சிகளை வைத்துச் சோதித்தபோது, நிறத்துக்கு நிறம் அவை தேர்ந்தெடுத்த உடல் வெப்பமும் வேறாக இருந்தது. அதாவது நிறம் தனியாக வருவதில்லை. எங்கே நிற்பது, எப்போது வெளியே வருவது என்ற பழக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரே ஓடைக்கரையில் கறுத்தவை ஓரிடத்திலும் வெளிர்ந்தவை இன்னோரிடத்திலும் கூடியிருந்தால், அங்கே பறவை கொத்தியது மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவை தமக்கேற்ற இடம் பார்த்து உட்கார்ந்திருக்கவும் கூடும்.

யார் பார்க்கிறார்கள்

இவற்றைத் தின்ன வருபவர்கள் பலர்: பறவை, பல்லி, தவளை, சிலந்தி. எல்லோரும் கண்ணால் தேடுபவர்கள் இல்லை என்றாலும், நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கண்ணால் தேடுபவர்கள்தான். காட்டில் ஒரு பறவை எந்தப் பூச்சியைக் கொத்தியது, எதைக் காணாமல் விட்டது என்று பக்கத்தில் நின்று எண்ண முடியாது. ஆகவே சுவீடன் குழு மனிதர்களையே வேட்டைக்காரர்களாக்கியது. எரிந்த தரை, பாதி எரிந்த தரை, எரியாத தரை என்று படங்கள் எடுத்து, அவற்றின் நடுவே பல நிறப் பூச்சிகளை வைத்து, கணினித் திரையில் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எரிந்த தரைப் படங்களில் கறுத்த பூச்சி அதிகம் தப்பியது. 2012இல் வந்த இந்த முடிவு, காட்டில் எண்ணிய கணக்கோடு பொருந்துகிறது.

பின்னர் அதே முறையில் இன்னொரு கேள்வி. எல்லாப் பூச்சிகளும் ஒரே நிறமாக இருக்கும் கூட்டத்தில் தேடுவது சுலபமா, பல நிறம் கலந்த கூட்டத்தில் தேடுவது சுலபமா? கலந்த கூட்டத்தில் தேடியவர்களின் திறமை குறைந்தது. அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இது புரியும். கறுத்த கல் மட்டும் இருந்தால் கண் அதற்குப் பழகி வேகமாக எடுத்துவிடும். வெள்ளைக் கல்லும் பழுப்புக் கல்லும் கலந்திருந்தால் கண் எதற்குப் பழகுவது என்று தெரியாமல் தடுமாறும். பல்லுருமை ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியாக உதவுவது ஒரு பக்கம்; கலந்து இருப்பதே எல்லோருக்கும் ஒரு பாதுகாப்பாக இருப்பது இன்னொரு பக்கம்.

ஜப்பானில் டெட்ரிக்ஸ் ஜப்போனிகா என்ற இனத்தில் நடந்த ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. மணல், புல் என்று பின்னணியை மாற்றிப் பார்த்தபோது, ஒளிவதற்கு எந்தத் தோற்றம் நல்லது என்பதும் மாறியது. அங்கே நிறத்தோடு முதுகுப் புள்ளிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதே நாட்டின் முள் குள்ள வெட்டுக்கிளி ஒன்று, ஒளிவது தோற்றுவிட்டால் வேறொரு வித்தை வைத்திருக்கிறது. தவளை பிடித்ததும் காலை விறைத்து நீட்டி, பக்கவாட்டு முட்களோடு உடம்பையே ஒரு நெருஞ்சி போல ஆக்கிக்கொள்ளும். தவளையால் விழுங்க முடியாது.

எங்கே பரவுகிறது, யார் பறக்கிறார்கள்

தீப்பிடித்த காட்டில் பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன? சில, தீ தொடாத ஈரப்பள்ளங்களில் பிழைத்திருக்கும். மற்றவை வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். அங்கேதான் சிறகு முக்கியமாகிறது.

டெட்ரிக்ஸ் சுபுலாட்டாவில் நிறத்தைப் போலவே சிறகிலும் இரண்டு வகை உண்டு. நீள்சிறகுக்காரர், குறுஞ்சிறகுக்காரர். பறக்க முடிவது முதல் வகைக்கு மட்டும். 13 இடங்களில் 2,800க்கும் மேற்பட்ட பூச்சிகளை வைத்து 2012இல் வந்த ஆய்வு, அடிக்கடி குலைந்து மீளும் இடங்களில் நீள்சிறகுக்காரர் அதிகம் என்றும், அங்கே அந்த விகிதம் வருடத்துக்கு வருடம் வேகமாக மாறுகிறது என்றும் சொன்னது. நிலையான இடங்களில் அப்படி இல்லை. காரணம் எளிது: புதிதாகத் திறந்த தரைக்குப் பறந்து வரக்கூடியவர்தான் வந்து சேர முடியும். இதிலும் வேறுபாடு மரபணு சார்ந்ததே, வளர்ந்த நெரிசலாலோ வேகத்தாலோ வந்ததில்லை என்று வளர்ப்புச் சோதனைகள் காட்டின.

ஆகவே ஓரிடத்தின் நிறக்கலவை மூன்று வாசல்கள் வழியே மாறலாம்: அங்கேயே சிலர் அதிகம் சாவது, சிலர் அதிகம் பிள்ளை பெறுவது, சிலர் வெளியிலிருந்து வருவதும் வெளியே போவதும். பரவலையும் நிறத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பிரிட்டனில் மூன்றே இனங்கள்: டெட்ரிக்ஸ் உண்டுலாட்டா, டெட்ரிக்ஸ் சுபுலாட்டா, டெட்ரிக்ஸ் செபெரோய். முதலாவது பரவலாகக் கிடைக்கும். கடைசியானது தெற்குப் பக்கத்து ஈரத்தரைகளோடு ஒதுங்கிவிட்டது. வெப்பமண்டலத்துக்கு வந்தால் உருவங்களே வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இலங்கையிலும் ஸ்கெலிமெனா என்ற பேரினத்துப் பூச்சிகள் இருக்கின்றன. பின்கால் துடுப்பு போலத் தட்டையாக அகன்றிருக்கும். பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதித்து நீந்தும், மூழ்கவும் செய்யும். ஓடையோரப் பாறையில் ஈரமான கறுத்த செதில் ஒன்று திடீரென்று தண்ணீருக்குள் பாய்ந்தால், தவளைக் குஞ்சு என்று விட்டுவிடாமல் பாருங்கள்.

நீங்களே எண்ணிப் பார்க்க

இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். ஈரத்தரை, ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமை. குந்தி உட்கார்ந்து கையால் தரையை மெல்லத் தட்டிக்கொண்டே நகர்ந்தால் துள்ளுவது தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடலாம். மாதம், தரையின் நிறம், வெயில் இருந்ததா, இளம்பூச்சியா வளர்ந்ததா, ஆணா பெண்ணா (பெண் பெரிதாக இருக்கும்), உடலின் நிறம், முதுகின் கோலம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். நிறத்தையும் கோலத்தையும் ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன சுவீடன், ஜெர்மனி முரண்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத மறந்த விவரத்தைப் பிறகு எங்கிருந்தும் மீட்க முடியாது.

ஒரே இடத்துக்கு வெவ்வேறு மாதங்களில் போங்கள். பத்து இருபது பூச்சிகளை வைத்து விகிதம் சொல்ல வேண்டாம். ஐந்து கறுப்பு எட்டாக மாறுவது தற்செயலாகவே நடக்கும். நூற்றைத் தாண்டினால் எண்கள் பேச ஆரம்பிக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எண்ணுகிறவரின் கண்ணும் ஒரு கோழிக்கண்தான். கரித்தரையில் கறுத்த பூச்சி பறவைக்குத் தப்புவது போலவே நமக்கும் தப்பும். பார்த்ததும் பிடித்ததை மட்டும் எழுதினால் நம் கணக்கில் வெளிர்நிறம் கூடிவிடும், உண்மையில் அங்கே கறுப்பு இன்னும் அதிகமாக இருக்கும். அதனால் உட்கார்ந்திருப்பதைத் தேடுவதைவிடத் துள்ளியதைப் பிடிப்பது நல்லது. துள்ளும்போது எந்த நிறமும் ஒளிய முடியாது. முடிந்தால் ஒரே திட்டை இருவர் தனித்தனியாக எண்ணி, நோட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நோட்டிலும் எந்த நிறத்தின் எண்ணிக்கை அதிகம் முரண்படுகிறதோ, அன்றைக்கு அந்தத் தரையில் அதுதான் நன்றாக ஒளிந்திருந்த நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம்.